அறிக்கையில் விட்டுப்போன வரி

உங்கள் கூட்டத்துக்கு வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். வரமாட்டேன் என்றதும் முகம் சுருங்கிப் போனீர்கள். எனக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ கிளப்பிவிட, உங்களில் ஒருவர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வீடு தேடியே வந்துவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் வலிக்கிறது, இந்த வயதில் யாருக்குத்தான் வலிக்கவில்லை? மேடையேறிப் பேசுவதை நான் விட்டுப் பல வருஷம் ஆகிறது, அவ்வளவுதான். ஏன் விட்டேன் என்பதை வாயால் சொல்ல வராது என்பதால் எழுதித் தருகிறேன். படித்து முடித்ததும் பழத்தைத் திருப்பிக் கேட்கத் தோன்றினால் கேட்டுக்கொள்ளுங்கள். தின்று தீர்த்துவிட்டேன்.

நீங்கள் எல்லாரும் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி என்று புதிதாகச் சான்றிதழ் வாங்கி வந்திருப்பவர்கள். தொண்ணூறுகளில் நான் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சோதனைக் கம்பெனியில் அந்தப் பதவியில் இருந்தேன். வீட்டில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக இரண்டு வரி: ஃபவுண்டரியில் வார்த்தெடுக்கிற வால்வுகளுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பது எங்கள் தொழில். ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் எடுப்பது போலத்தான். அதற்கு இரிடியம் என்கிற கதிரியக்கப் பொருளை வைத்திருந்தோம். ஒரு கம்பியின் முனையில் விரல்நகம் அளவுகூட இராது. பையன்கள் அதைப் பென்சில் என்பார்கள். கனத்த பெட்டிக்குள் கிடக்கும். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு குழாய் வழியாக வெளியே போகும், படம் எடுத்தபின் திருப்பிச் சுற்றினால் உள்ளே வரும். உள்ளே வந்துவிட்டதா என்பதைக் கண் சொல்லாது, கதிர்வீச்சை அளக்கிற மீட்டர்தான் சொல்லும்.

பம்பாயில் எனக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு பாலக்காட்டுக்காரர். பெயர் வேண்டாம், அவர் அதை விரும்பமாட்டார். வகுப்பு நடுவில் திடீரென்று நின்று யாரையாவது சுட்டிக் கேட்பார்: "மீட்டர் எங்கே இருக்கு?" கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கேட்பார். ஒரு தடவை கழிவறை வாசலில் வைத்துக் கேட்டார். "ரெண்டு செகண்ட்ல பதில் வரணும். வரலேன்னா நீ வேற வேலை பாத்துக்கோ." கிறுக்குப் பிடித்த மனிதர் என்று நாங்கள் சிரித்தோம். இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் மகா கண்டிப்பு. ஆளுக்கொரு பேட்ஜ் உண்டு, சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அது பதிவு செய்யும். உள்ளே இருக்கிற அட்டையை மட்டும் பம்பாய்க்கு அனுப்பினால் அளந்து சொல்வார்கள். அளவு தாண்டினால் அந்த ஆளைப் படம் எடுக்கிற வேலையிலிருந்து நிறுத்திவைக்க வேண்டும். ஒருவருக்குத் தாண்டியது. நிறுத்தினேன். படம் எடுத்தால்தான் அவருக்கு ஓவர்டைம். சும்மா உட்கார்ந்தால் அடிச்சம்பளம் மட்டும். மூன்று மாதம் ஆபீஸ் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவர் நாலாவது மாதம் சோமனூருக்குத் தறி ஓட்டப் போய்விட்டார். "விதி விதிதான்" என்று மற்றவர்களைக் கூட்டி வைத்து ஒரு பிரசங்கம் செய்தேன். அதற்குப் பிறகு யாருக்குமே அளவு தாண்டவில்லை. தாண்டுவதென்ன, ஏறவே இல்லை. என் சொல்லுக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப் போனேன்.

தொண்ணூற்றேழு ஆயுத பூஜைக்குத்தான் கண் திறந்தது. திறந்தது என்று சொல்லவும் முடியாது, திறந்து மறுபடி மூடிக்கொண்டேன். பெட்டி, மீட்டர், குழாய் எல்லாவற்றையும் துடைத்து வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் நாலு பேருடைய பேட்ஜும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு. குனிந்து கும்பிடப் போனவன் பார்த்தேன். உலைப் பக்கம் வேலை செய்கிறவன் சட்டை ஒரே வாரத்தில் கரிப்பிடித்துக் கிழியும். மாதக்கணக்காகக் குத்தியிருந்த பேட்ஜின் மேலே கரி இல்லை, கீறல் இல்லை, ஒரு சொட்டு வியர்வைக் கறை இல்லை. எப்போதாவது எட்டிப் பார்க்கிற என் பேட்ஜ் அவற்றைவிட அழுக்காக இருந்தது.

"ஏன் மாரப்பா, பேட்ஜெல்லாம் புதுசாட்டம் இருக்குது?" என்று கேட்டேன்.

மாரப்பன்தான் அவர்களில் மூத்த தொழிலாளி. முப்பது வயதிருக்கும். அந்தியூருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பனும் பாட்டனும் பிறத்தியார் காட்டில், அதாவது விளைநிலத்தில், கூலிக்குப் பண்ணையம் பார்த்தவர்கள். பத்தாவது பாஸ் பண்ணி, தெரிந்தவர் கையைக் காலைப் பிடித்து இந்த வேலைக்கு வந்தவர். தன் பெயரை மெஷினில் அச்சடித்து ஒருவர் கொடுத்தது அந்தப் பேட்ஜில்தான் முதல் தடவை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். மனைவி மில்லுக்குப் போனார். ஒரு மகள். "என்ற பிள்ளை காட்டு வேலைக்குப் போவக்கூடாதுங்க சார், அது ஒண்ணுதானுங்க" என்பது அவர் எப்போதும் சொல்வது. அப்போது நான் அவரை அவன் இவன் என்றுதான் சொல்வேன். இப்போது எழுதும்போது கை தானாக அவர் என்று போகிறது.

"பேரு போட்டதுங்க சார். மேல குத்துனா அழுக்காயிருமுங்க," என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேட்ஜுகள் எங்கே இருந்தன என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. படம் கழுவுகிற இருட்டறைக்கு வெளியே முருகன் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில். சாமிக்குப் பின்னால் பத்திரமாக. அடுத்த மாதப் படிவத்தில் "அனைவரும் பேட்ஜ் அணிந்து பணியாற்றினர்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். அதற்கடுத்த மாதமும் போட்டேன். கேட்டால் ஒருவரை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் வேலை நிற்கும், முதலாளி முகம் கோணும். எல்லாருக்கும் நல்லவனாக இருந்துவிட்டுப் போகலாமே என்று இருந்துவிட்டேன்.

மறுவருஷம் மே மாதம் நம் நாடு அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. உங்களில் பாதிப் பேர் அப்போது பிறந்தே இருக்கமாட்டீர்கள். ஊரே அமர்க்களப்பட்டது. பேக்கரியில் மைசூர்பாகு சும்மா கொடுத்தார்கள். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டுவிட்டு, "அணு ஆபீசருங்களா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். குண்டை நானே பொட்டலம் கட்டிக் கொடுத்த மாதிரி. எனக்கு அந்தக் கொண்டாட்டம் பிடிக்கவில்லை. ஜப்பானில் நடந்ததைப் படித்தவன் நான். எப்படி மைசூர்பாகு இறங்கும்?

ஜூன் மாதத்தில் ஒரு சங்கத்துக்காரர்கள் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம். என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு, அணுயுகத்தில் விஞ்ஞானிகளின் சமூகப் பொறுப்பு. எம்.எஸ்ஸி. முடித்து வால்வுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவனை முதன்முதலாக விஞ்ஞானி என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். அந்த நோட்டீஸை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது.

வெறும் பேச்சாக இல்லாமல் ஏதாவது காட்டவும் வேண்டும் என்று எனக்கு ஆசை. கம்பெனியில் இரண்டு மீட்டர். ஒன்று ரிப்பேருக்குப் பம்பாய் போயிருந்தது. இன்னொன்றைத் தோள்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குப் படம் எடுக்கிற வேலை இல்லை. காலையில் கேட்டுக்கொண்டுதான் போனேன். இல்லை என்றார்கள். திடீரென்று லோடு வந்துவிட்டால் என்ன செய்வார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. நேரமாகிவிட்டது, ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. ஏறிவிட்டேன்.

மேடையில் மீட்டரை மைக்குக்குப் பக்கத்தில் வைத்து, பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டில் வலை ஒன்றை அதன் கிட்டே கொண்டுபோனேன். அந்தக் காலத்து மேண்டிலில் துளி கதிரியக்கம் உண்டு. டிக் டிக் என்று மீட்டர் அடித்ததும் மண்டபமே "ஓ" என்றது. அப்புறம் பேசினேன். குண்டைச் செய்துவிட்டு நாங்கள் விஞ்ஞானிகள் கைகழுவிவிட முடியாது என்றேன். எங்கள் கையிலிருந்து போனது யார் கையைச் சுடுகிறது என்று பார்க்க வேண்டியது எங்கள் கடமை என்றேன். முன் வரிசையில் ஒருவர் எழுந்து, "இப்பிடிப் பேசற நீங்க இந்த நாட்டுச் சோத்தத்தானுங்க திங்கறீங்க?" என்று சத்தம் போட்டார். நான் அசரவில்லை. நின்று பதில் சொன்னேன். பாதிக் கூட்டம் முணுமுணுத்தது, பாதிக் கூட்டம் கைதட்டியது. தனி ஆளாக நின்று உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று நெஞ்சு நிமிர வீட்டுக்குப் போனேன். பொய் சொல்வானேன், என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமான சாயங்காலம் வேறு இல்லை.

அந்தப் பேச்சு ஊரில் பரவி, மூன்று வாரம் கழித்து ஒரு கல்லூரியில் கூப்பிட்டார்கள். அதே பேச்சுதான். இன்னும் கொஞ்சம் மெருகு. முடித்துவிட்டு மாலையும் கையுமாக வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் மாரப்பன் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் துண்டு சுற்றியிருந்தது.

"எப்ப வந்தே மாரப்பா?"

"அப்பளையே வந்துட்டனுங்க சார். நீங்க பேசி முடிக்கட்டும்னு நின்னுட்டு இருந்தேனுங்க. மைக்குல நல்லாக் கேட்டுச்சுங்க. எனக்கெங்கீங்க எல்லாம் புரியுது? ஆனா அந்த ஜப்பான் சனங்களச் சொன்னீங்க பாருங்க, மனசு சங்கட்டமாப் போச்சுங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "கையி கொஞ்சம் தீஞ்சாப்ல இருக்குதுங்க. ஆறமாட்டீங்குது."

துண்டை அவிழ்த்தார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் வீங்கிக் கொப்புளம் உடைந்து தோல் வெள்ளையாக வழிந்திருந்தது. பயிற்சியில் பாலக்காட்டுக்காரர் ஒரு புகைப்படம் காட்டியிருந்தார். அதே கை. அந்தப் படத்தை யாராலும் மறக்க முடியாது.

அப்போது நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? வலிக்கிறதா என்று கேட்கவில்லை. "பேட்ஜ் போட்டிருந்தியா?" என்று கேட்டேன்.

மாரப்பன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்கதானுங்க சார் சொன்னீங்க, அளவு ஏறுனா உக்கார வெச்சுப்போடுவேன்னு. பிள்ளைக்கு அப்ப ஃபீஸ் கட்டறதா இருந்துச்சுங்க. உக்காந்தா எப்படீங்க?"

எப்போது நடந்தது என்று கேட்டேன்.

"வெள்ளிக்கெழமைங்க. நீங்க மண்டபத்துல பேசப் போனீங்கல்லங்க, அன்னிக்கு. பதினோரு மணிக்கு மேல அவசர லோடு வந்துருச்சுங்க. மீட்டரு இல்லீங்களேன்னு மொதலாளிகிட்டச் சொன்னேனுங்க. இத்தன வருசமாப் பண்றே, ஒரு நாளைக்கு உனக்குத் தெரியாதான்னாருங்க. நாலு படம் எடுத்தேனுங்க. ஒவ்வொண்ணுக்கும் கொழாயக் கையில புடிச்சு நகத்தி வெச்சேனுங்க. கழுவிப் பாத்தா நாலும் ஒரே கருப்பு. அப்பத்தானுங்க தெரிஞ்சுது, பென்சில் உள்ளாற போவாம கொழாயிலயே நின்னுபோச்சுன்னு. மறுபடி வேகமாச் சுத்தி உள்ளாற இழுத்துப்போட்டு, சொன்னா உக்கார வெச்சுப்போடுவீங்கன்னு உங்ககிட்டச் சொல்லாம, கையி வீங்குனதும் லீவு போட்டுட்டனுங்க."

மீட்டர் இருந்திருந்தால் முதல் படத்திலேயே கத்தியிருக்கும். அந்த நேரத்தில் அது மண்டபத்தில் மேண்டிலைப் பார்த்து டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. என் கழுத்தில் அப்போது மாலை கிடந்தது. அதைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் ஆசிட் பட்டதா, தீயா என்று கேட்டார். முதலாளி என்னை வராந்தாவுக்கு அழைத்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். விவசாயக் குடும்பம், தோட்டத்தை விற்றுத் தொழிலுக்கு வந்தவர். தொழிலாளி வீட்டு நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாகப் போய் நிற்பவர்.

"ஏனுங்க சார், நம்ம பேப்பர்ல அவனுக்கு ஒண்ணுமே ஏறலீங்களே. அப்பறம் நாமளே எதுக்குங்க வாயக் குடுத்து மாட்டிக்கோணும்? செலவு பூராவும் நான் பாத்துக்கறனுங்க. அவன உட்டுப்போடற ஆளுங்களா நானு? கம்பெனிய மூடுனா இருவது குடும்பமுங்க."

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. பேப்பரில் மாரப்பன் மேல் ஒரு துளி கதிர்வீச்சும் படவில்லை. அந்தப் பேப்பரில் இருந்தது என் கையெழுத்து. தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன். வார்டு வாசலில் மாரப்பனின் மனைவி நின்றிருந்தார். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"ஏனுங்க சார், இது ஒட்டுவாரொட்டிங்களா? பிள்ளையப் பக்கத்துல உடலாங்களா? இவுரு உடக்கூடாதுங்கறாருங்க. பிள்ளை அழுதுட்டே கெடக்குதுங்க."

மூன்று வாரமாக அந்த மனிதர் தன் மகளைத் தொடாமல் இருந்திருக்கிறார். "அம்மணி, ஒட்டாதுங்க. தாராளமாப் பக்கத்துல விடுங்க" என்றேன். மண்டபத்தில் முந்நூறு பேருக்குக் கதிரியக்கத்தை விளக்கியவன், சொந்தத் தொழிலாளிக்கு இதைச் சொல்லி வைக்கவில்லை. நேரே டாக்டரிடம் போய் இரிடியம் என்று சொன்னேன். எத்தனை நேரம் கையில் இருந்தது என்று சொன்னேன். அவர் அதிர்ந்துபோய், உடனே வேறு மருந்து, வேறு டாக்டர் என்று ஏற்பாடு செய்தார். மறுநாள் காலை பம்பாயில் இருந்த அணுசக்திக் கண்காணிப்பு அலுவலகத்துக்கு ரிஜிஸ்தர் தபால் போட்டேன். பேட்ஜுகள் ஆணியில் தொங்கியதையும், தெரிந்தே நான் கையெழுத்துப் போட்டதையும் ஒன்றுவிடாமல் எழுதினேன். மீட்டரைப் பற்றி மட்டும் எழுதவில்லை. விசாரணைக்கு வருவார்கள், கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

வந்தார்கள். இரண்டு பேர். ஒருவர் பாலக்காட்டுக்காரர். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரிந்தும் தெரியாதது போல நாற்காலியில் உட்கார்ந்தார். அறையில் அவர்கள் இருவர், முதலாளி, நான். மாரப்பனை அழைத்து உட்கார வைத்தார்கள். கை முழுக்கக் கட்டு. விரல்கள் தப்பாது என்று அதற்கு முந்தின வாரமே டாக்டர் சொல்லியிருந்தார்.

பேட்ஜ் பற்றி எல்லாவற்றையும் கேட்டார்கள். என் கடிதத்தில் இருந்தது போலவே மாரப்பன் சொன்னார். கடைசியாகப் பாலக்காட்டுக்காரர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அன்னிக்கு மீட்டர் எங்கே இருந்தது?"

மாரப்பன் முதலாளியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அப்புறம் கீழே குனிந்துகொண்டார்.

"இங்கதானுங்க இருந்துச்சு. அவசரத்துல நாந்தானுங்க பாக்காம உட்டுப்போட்டேன்."

பாலக்காட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "சரிதானா?"

இரண்டு செகண்டுக்கு மேலேயே ஆனது. அவர் காத்திருந்தார். இல்லை சார், மீட்டர் என்னிடம் இருந்தது, மேடையில் வைத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முந்நூறு பேரை எதிர்த்துக்கொண்டு நாட்டையே கேள்வி கேட்டவன் நான். நாலு பேர் முன்னால் அந்த ஒரு வரி வரவில்லை.

"சரிதான் சார்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பேட்ஜ் விஷயத்தை எழுதத் துணிந்தவன் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பேட்ஜ் குற்றத்தில் எல்லாருக்கும் பங்கு இருந்தது. முதலாளி, தொழிலாளிகள், ஊரில் இருந்த மற்றக் கம்பெனிகள் எல்லாம் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். ஒப்புக்கொண்டால் யோக்கியன் என்ற பெயர்கூடக் கிடைக்கும். மீட்டர் என்னுடையது மட்டும். கைதட்டலுக்கு ஆசைப்பட்டு எடுத்துப்போனேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன்.

அறிக்கையில் "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று வந்தது. கம்பெனிக்குச் சில மாதம் உரிமத்தை நிறுத்திவைத்தார்கள், எனக்கும் அப்படியே. அப்புறம் இரண்டும் திரும்பி வந்தன. மாரப்பனுக்கு ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் பாதி போனது. கை ஆறியதும் வேறு இரண்டு சோதனைக் கம்பெனியில் வேலை கேட்டிருக்கிறார். கவனக்குறைவு என்று எழுதப்பட்ட ஆளை யார் எடுப்பார்கள்? வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்கள்.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில் அந்தியூர்ச் சந்தைக்குப் போனேன். மாடு வாங்கவா போனேன்? ஊரில் விசாரித்தபோது அங்கேதான் இருப்பார் என்றார்கள். குதிரை, கூட்டம், புழுதி எல்லாம் தாண்டித் தேடினால் மாரப்பன் ஒரு ஜோடிக் காளைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். காளை அவருடையது அல்ல. ஊர்ப் பண்ணைக்காரருடையது. அப்பாவும் பாட்டனும் வேலை செய்த அதே காடு. என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஏனுங்க சார், இத்தன தூரம் வந்துட்டீங்க!" என்று பதறினார். தலைக்கயிற்றை இடது கையில் சுற்றியிருந்தார்.

மகள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டேன். "போவுதுங்க. லீவு உட்டா அவங்கம்மாகூடக் களை வெட்டப் போவுதுங்க" என்றார். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏன் மாரப்பா அன்னிக்கு அப்படிச் சொன்னே?" என்று கேட்டுவிட்டேன். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. காளையின் முதுகைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"நீங்க டாக்டரய்யாகிட்ட உள்ளதச் சொன்னீங்க. பேட்ஜ் வெசயத்தையும் எழுதிப்போட்டீங்க. அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணுமுங்க. சபையில வெச்சு நானே உங்களக் காட்டிக் குடுக்கறதுங்களா? அதுதானுங்க அப்பிடிச் சொன்னேன்." கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "சொல்லிப்போட்டுப் பாத்துட்டே இருந்தேனுங்க. 'இல்ல, எங்கிட்டத்தான் இருந்துச்சு'ன்னு நீங்க குறுக்க பேசுவீங்கன்னு."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "செரி உடுங்க சார், வாங்க, டீ குடிக்கலாம்" என்று இடது கையால் என் தோளைத் தொட்டார். குடித்தேன். காசை அவர்தான் கொடுத்தார், என்னைக் கொடுக்க விடவில்லை.

அன்றோடு மேடையை விட்டேன். இதை எழுதி அப்போதே அனுப்பியிருக்க வேண்டும். பென்ஷன், பெயர், மகள் கல்யாணம் என்று வருஷத்துக்கு ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. இப்போது அந்தக் காரணங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன.

நீங்கள் மேடையேறாதீர்கள் என்று சொல்லவில்லை. ஏறுங்கள். குண்டைப் பற்றிப் பேச இந்த நாட்டில் ஆள் வேண்டும், அன்று நான் பேசியதில் ஒரு வார்த்தையையும் திரும்பப் பெறமாட்டேன். போகும்போது மீட்டரை வேலை நடக்கிற இடத்தில் விட்டுவிட்டுப் போங்கள். உண்மையைச் சொல்கிற தொழிலாளியை ஸ்டூலில் உட்கார வைக்காதீர்கள். இதையெல்லாம் உங்களிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இதன் நகல் ஒன்றை அந்தப் பழைய கோப்பு இருக்கிற அலுவலகத்துக்கு நேற்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். இன்னொன்று மாரப்பனுக்கு. அவர் மகளும் படிக்கட்டும். கவனக்குறைவு என்ற சொல்லை அவர் பெயரிலிருந்து அடித்துவிட்டு, அந்த இடத்தில் இந்த வரியைச் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன்: அன்று மீட்டர் என்னிடம் இருந்தது, அவரிடம் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.